ஸ்வெட்டருக்குள் சாம்பல் சட்டை

எங்கள் கம்பெனியில் சட்டைக்கு இரண்டு நிறம். நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு நீலம், காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்குச் சாம்பல். நீலச் சட்டையின் பைக்கு மேல் கம்பெனி பெயர் தைத்திருக்கும். சாம்பல் சட்டையில் ஒன்றும் இருக்காது. காண்ட்ராக்டர் அடிக்கடி மாறுவார், சட்டை மாறாது. நீலம் முன் கேட்டில் நுழையும், சாம்பல் பின் கேட்டில். நான் நீலம். என் அப்பா சாம்பல்.

இதை அங்கே யாரிடமும் சொல்லாமல்தான் இருந்தேன். எனக்கு வெட்கம் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். சொல்லக்கூடாது என்று சொன்னது அப்பாதான். நான் வேலையில் சேர்ந்த அன்று காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "என்னய வச்சு உன்னய ஒருத்தன் எடை போட்டுரக் கூடாது. அங்க நீ யாரோ, நான் யாரோ." நான் குவாலிட்டியில் இருக்கிறேன். நான் பார்த்து ஓகே போட்ட பாகங்களை அப்பா பேக்கிங்கில் பெட்டிக்குள் அடுக்குவார். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. இரண்டு வருடம் அப்படித்தான் போனது.

அப்பா பெயர் மாடசாமி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓசூருக்கு அவர் வந்தபோது நான் கைக்குழந்தை. அன்று சேர்ந்ததிலிருந்து அதே கம்பெனிதான். ஆனால் ஒரு வருடம் முடிவதற்குள் சில நாட்கள் 'பிரேக்' என்று வீட்டில் உட்காரவைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதனால் காகிதத்தில் அவர் எப்போதும் புது ஆள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் புது ஆள்தான்.

ஒவ்வொரு டிசம்பரிலும் கடைசி ஞாயிறு ஏரிக்கரைப் பூங்காவில் கம்பெனியின் குளிர்காலக் குடும்ப விழா நடக்கும். அப்பா ஒரு வருடம் விடாமல் போயிருக்கிறார். பந்தல் கம்பி இறக்குவார், நாற்காலி போடுவார், கடைசியில் குப்பை அள்ளுவார். வரும்போது மிஞ்சிய பலூன்களைக் கொண்டுவருவார். சின்ன வயதில் எனக்கு, அப்பா ஏதோ பலூன் கம்பெனியில் இருக்கிறார் என்று நினைப்பு.

போன வருடம் எனக்கு வேலை நிரந்தரமானது. அதோடு விழாவுக்கு நான்கு பேருக்கான கைப்பட்டைகளும் வந்தன. தெர்மகோலில் கட்டிய பனிவீட்டின் முன்னால் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். கம்பெனி பெயர் போட்ட சட்டத்தில் மாட்டி அன்றைக்கே கையில் கொடுப்பார்கள். என் பட்டமளிப்பு விழாவுக்கு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் பரம்பரையிலேயே கறுப்பு அங்கி போட்ட முதல் ஆள் நிற்கிற அந்தப் படத்தில் அம்மாவும் தம்பி கௌதமும் மட்டும்தான் இருக்கிறார்கள். இந்தப் படத்தில் அப்பா இருக்க வேண்டும். எனக்கு அந்த விழாவில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பனிக்கரடியும் பாட்டுக் கச்சேரியும் யாருக்கு வேண்டும்.

அப்பா சூப்பர்வைசரிடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லி அன்றைய கூலியை விட்டுக்கொடுத்தார். அன்று காலை மத்திகிரியில் எங்கள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியாத பனி. நாங்கள் மூன்று பேரும் கிளம்பி வாசலில் நிற்கிறோம். அப்பா உள்ளேயிருந்து வந்தார். சாம்பல் சட்டை. மடிப்புக் கலையாமல், இஸ்திரி போட்டு.

"என்னப்பா இது?"

"ஏன், நல்லாத்தான இருக்கு? புதுசு. இந்த வருசம் குடுத்தது, இன்னைக்குத்தான் பிரிக்கேன்."

"கோடு போட்ட சட்டை எங்க?"

"கம்பெனி விசேசத்துக்குக் கம்பெனிச் சட்டதான போடணும்? இத்தன வருசத்துல அந்தப் பார்க்குக்கு நான் வேற சட்டையில போனதே கெடையாது. வேற சட்டன்னா செக்யூரிட்டி யாருன்னு கேப்பான்."

அவரைப் பொறுத்தவரை அந்தச் சட்டைதான் பாஸ். அது இல்லாவிட்டால்தான் தன்னை நிறுத்துவார்கள் என்று நம்பினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரே கலர் கலரா வரும். இவுக மட்டும் ஷிப்ட்டுக்குப் போறாப்ல வாராக." அதற்குள் டவுன் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. அம்மா கொடியில் கிடந்த அப்பாவின் மெரூன் ஸ்வெட்டரை இழுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

பூங்கா வாசலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிய வளைவு. இரண்டு பக்கமும் பனிக்கரடி பொம்மைகள். மேலே பேனர்: 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்.' வாசலில் மாதப்பன் நின்றார். கம்பெனியின் முன் கேட் செக்யூரிட்டி, தளிப் பக்கத்துக்காரர். எனக்கு வணக்கம் வைத்து, கைப்பட்டையைப் பார்த்தார். அம்மாவை விட்டார், கௌதமை விட்டார். அப்பாவைக் கண்டதும் குரல் இளகியது.

"மாடசாமிண்ணா, நீ எங்க இந்தப் பக்கம்? உங்க ஆளுங்கல்லாம் பின்னாடி கேட்ல. பெருமாளு அப்பவே வந்து சேர் எறக்கினு இருக்கான்."

அப்பா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இத யாருண்ணா உனக்குக் குடுத்தது?"

"நான்தான் குடுத்தேன்," என்றேன். "இவர் எங்க அப்பா."

மாதப்பன் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "நெசமாவா?" என்றார். "சொல்லவே இல்லியேண்ணா. எத்தினி வருசமா ஒண்ணா டீ குடிக்கிறோம்."

"இதுல சொல்ல என்ன இருக்கு."

"சந்தோசம்ணா, ரொம்ப சந்தோசம். ஆனா சாம்பல் சட்டைய இந்தப் பக்கம் விடக்கூடாதுன்னு நேத்தே நிக்க வெச்சு சொல்லிட்டாங்க. நீ உள்ள போயி நான் மாட்டிக்கினா என் பொழப்புக்கு ஒல வெச்ச மாதிரி ஆயிரும்ணா."

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. முயல் காது வைத்த குல்லா போட்ட குழந்தை ஒன்று கத்தத் தொடங்கியது. என்ன தகராறு என்று சுஜாதா மேடம் வந்துவிட்டார். எச்.ஆர். மேனேஜர். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். நல்ல மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க அப்பாவா, தமிழ்? லிஸ்ட்ல மாடசாமின்னு பேர் பார்த்தேன், தோணவே இல்ல. வாங்க அங்கிள், வாங்க." அப்பாவின் சட்டையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். சிரிப்பு மாறவில்லை. "அங்கிள், ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கலாமே. குளிருதுல்ல."

"இல்ல மேடம். எனக்குக் குளிரல."

"பரவால்ல அங்கிள். போட்டுக்குங்க."

பிறகு என் தோளில் கைபோட்டு வளைவுக்குப் பின்னால் கூட்டிப்போனார். "உனக்குத் தெரியும்ல, காண்ட்ராக்ட் ஆளுங்க கொஞ்சம் பேர் பர்மனென்ட் பண்ணச் சொல்லி கேஸ் போட்டிருக்காங்க. சாம்பல் சட்டை நம்ம ஃபேமிலி டேல உக்காந்து சாப்பிடற ஒரு போட்டோ போதும். 'பாருங்க, நாங்களும் கம்பெனி ஆளுங்கதான்'னு அதையே கொண்டுபோய்க் காட்டுவாங்க. சட்டை தெரியலன்னா அவர் உன் அப்பா. அவ்வளவுதான். ஒரு பிரச்சனையும் இல்ல."

"தெரிஞ்சா?"

"ஏம்மா, காலங்காத்தால."

எனக்கு இது புதிதில்லை. காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி பெயர் போட்ட ஒரு டம்ளரைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். தீபாவளிக்கு எனக்கு வந்த இனிப்புப் பெட்டியின் மேல் கம்பெனி பெயர் இருந்தது. அப்பாவுக்கு வந்த பெட்டியின் மேல் இனிப்புக்கடையின் பெயர் இருந்தது. இரண்டும் எங்கள் வீட்டு அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உள்ளே இருந்தது ஒரே மைசூர்பாகு.

நான் திரும்பி வந்தபோது அம்மா ஸ்வெட்டரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கையை விடுங்க. என்ன கொறஞ்சு போவுது?"

"நான் என்ன களவாண்டுட்டா வந்தேன், மறைக்கதுக்கு?"

"யாரு மறைக்கச் சொன்னா? குளிருக்குப் போடச் சொல்லுதாக."

"நீயும் அதையே சொல்லு."

"ஒங்க மககூட வேல பாக்கவங்கள்லாம் நிக்காக. ரோட்டுல வச்சு என்னால பேச முடியாது."

அப்பா என்னைப் பார்த்தார். "உங்க இஷ்டம்பா. வீட்டுக்குப் போகலாம்னா நானும் வரேன்," என்றேன். ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஸ்வெட்டரை வாங்கிக் கையை விட்டார். கழுத்துவரை எல்லாப் பித்தானையும் போட்டார். மாதப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வழிவிட்டார்.

உள்ளே ஒரு பெண் ஆளுக்கொரு சிவப்புக் கம்பளிக் குல்லாவைக் கொடுத்தாள். நெற்றியில் வெள்ளை நூலில் கம்பெனி பெயர். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எனக்கா?"

"ஆமா சார், எல்லாருக்கும்."

கம்பெனி பெயர் போட்ட ஒரு பொருள் அவருக்கென்று வந்தது அதுதான் முதல் தடவை. காது மூடும்படி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பனி என்றால் நுரைதான். பெங்களூரிலிருந்து வந்த ஒரு மெஷின் யானைத் தும்பிக்கை மாதிரி குழாயைத் தூக்கி நுரையைக் கக்கியது. புங்கமரமெல்லாம் வெள்ளை. பிள்ளைகள் அதில் புரண்டன, கண் எரிகிறது என்று அழுதன, திரும்பப் போய்ப் புரண்டன. கௌதம் காலேஜ் இரண்டாம் வருடம். பெரிய மனிதன் மாதிரி நின்றிருந்தவன் கொஞ்ச நேரத்தில் நுரைத் தாடியோடு வந்தான். "துணி தொவைக்கிற வாசனை அடிக்குதுக்கா. அம்மாவ உள்ள தள்ளிவிட்டா இந்த வாரத் துணி முடிஞ்சுது," என்றான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். மேடையில் கணவனும் மனைவியும் ஒருவர் காலை ஒருவர் காலோடு கட்டிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் பிளான்ட் ஹெட் ஐஸ்கிரீம் சாப்பிடும் போட்டியில் ஜெயித்தார். அவர் கலந்துகொண்டால் அவர்தான் ஜெயிப்பார்.

அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். யாராவது நாற்காலியை இழுத்தால் போதும், எழுந்து கை கொடுக்கப் போவார். ஒரு காகிதத் தட்டு காற்றில் பறந்தால் அவர் கண் அதன் கூடவே போகும். அம்மா அவர் ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டாள், குழந்தையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. "சும்மா இருங்க. இன்னைக்கு நீங்க விருந்தாளி."

"சும்மாத்தான இருக்கேன். அந்த மூலைப் பந்தல் கயறு லூசா இருக்கு."

"இருக்கட்டும். விழுந்தா அவுக தல மேல விழட்டும்."

ஓசூர்க் குளிர் காலை டிபனோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் வெயில் சுள்ளென்று இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் கழற்றத் தொடங்கினார்கள். ஸ்வெட்டர்கள் நாற்காலி முதுகில் தொங்கின, இடுப்பைக் கட்டிக்கொண்டு நடந்தன. குளிர்கால விழாவில் குளிருக்கு உடுத்திய ஆள் கடைசியில் என் அப்பா ஒருவர்தான். கழுத்துவரை பித்தான், காதுவரை குல்லா. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது.

"கழட்டிருங்கப்பா."

"வேண்டாம். ஒன் போட்டோ முடியட்டும்."

படம் எடுப்பது டிபார்ட்மென்ட் வாரியாக. புரொடக்‌ஷன் முதலில், குவாலிட்டி கடைசியில். அதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறியவர்கள் எல்லோரும் சாம்பல் சட்டைக்காரர்கள். சமையல் ஆட்களுக்கு உதவியாக அவர்களை நிறுத்தியிருந்தார்கள். களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் இருந்த மேஜையில் பெருமாள். அப்பாவோடு பேக்கிங்கில் ஒரே பெல்ட்டில் நிற்பவர், ஊர் ராயக்கோட்டைப் பக்கம். கேஸ் போட்டவர்களில் ஒருவர்.

"வாங்க சார்," என்றார் பெருமாள். "என்னங்க சார் வெக்கட்டும்?"

"ஏல, சும்மா இரு."

"ஐயோ, கெஸ்ட்டு சார் நீங்க. ஏலேன்றீங்க, பக்கத்துல கேட்டா என்னா நெனைப்பாங்க?" களி உருண்டையை அப்பாவின் தட்டில் வைத்து நடுவில் குழி செய்தார். "சொந்தக்காரங்க விசேசம்னு சொன்ன. பொய்யில்ல. பொண்ணு மேடம்னு மாதப்பன் சொல்லித்தான் தெரியும். நாங்க என்னா, கண்ணு வெச்சிருவமா?"

"அப்படியெல்லாம் இல்ல பெருமாளு."

"வேர்த்து ஊத்துது. எதுக்கு ஸ்வெட்டரு?"

அப்பா தட்டைப் பார்த்தார். பெருமாள் குழம்புக் கரண்டியோடு கொஞ்சம் குனிந்து, ஸ்வெட்டரின் மேல் பித்தானுக்கு வெளியே எட்டிப் பார்த்த காலரைப் பார்த்தார். சாம்பல் நிறத்தை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஓ," என்றார். "மூடிக்கினியா."

அவர் குரலில் கேலி போயிருந்தது. குழம்பை ஊற்றினார். "கேஸ்ல கையெழுத்துப் போடுண்ணான்னு எத்தினி வாட்டி கேட்டேன். பொண்ணு வாழ்க்க பொண்ணு வாழ்க்கன்னியே, என்னாடா வாழ்க்கன்னு பாத்தேன். இதானா. செரி, கையெழுத்துப் போடாத. ஸ்வெட்டர மட்டும் போட்டுக்கோ." பிறகு பழைய குரலில், "இன்னும் கொஞ்சம் பருப்பு வெக்கட்டுங்களா சார்?"

அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள் என்பதோ, எனக்காக மறுத்தார் என்பதோ அதுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேஜையைத் தாண்டி வந்ததும் கேட்டேன். "ஏம்பா சொல்லல?"

"சொன்னா நீ போடும்ப."

"ஆமா, போடும்பேன்."

"அதான் சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் இல்லை. அம்மா, "சோத்துத் தட்டுக்கு முன்னால சண்ட போடாதிய ரெண்டு பேரும்," என்றாள். அப்பா களியைக் கிள்ளிக் கிள்ளி வைத்தார். சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. பிதுக்கம்பருப்பு அவருக்குப் பிடிக்கும். ஓசூரில் அவர் ஒத்துக்கொண்ட ஒரே குழம்பு அதுதான்.

குவாலிட்டியைக் கூப்பிட்டார்கள். பனிவீட்டின் முன்னால் நின்றோம். வெயில் போதாதென்று இரண்டு பக்கமும் பெரிய விளக்குகள். எடுக்கிற படம் உடனே மேடைப் பக்கத்துப் பெரிய திரையில் வரும். அதைப் பார்த்து எல்லோரும் கை தட்டுவார்கள். போட்டோகிராபர் சின்னப் பையன். எங்களை அங்கும் இங்கும் நகர்த்தினான். "அம்மா இந்தப் பக்கம். மேடம், நீங்க கொஞ்சம் பின்னாடி. சார் நடுவுல. சார், சிரிங்க சார். கம்பெனி உங்களுது."

அப்பா சிரிக்கவில்லை. கழுத்துப் பித்தானில் கை வைத்தார்.

"என்ன செய்யுதீக?" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"வேகுது ஜோதி."

மேலிருந்து ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினார். அவசரமே இல்லை. ஸ்வெட்டரை உருவி, கையை உள்ளே மடித்து, பெட்டியில் அடுக்குவதற்கு மடிக்கிற மாதிரி நான்காக மடித்து அம்மாவிடம் கொடுத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலரைச் சரி செய்தார். குல்லாவை நிமிர்த்தி, கம்பெனி பெயர் நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு போட்டோகிராபரைப் பார்த்து, "எடுங்க தம்பி," என்றார். அவன் எடுத்தான். அவனுக்கு என்ன தெரியும், சட்டை நிறத்தில் என்ன இருக்கிறது என்று.

திரையில் நாங்கள் நான்கு பேரும் வீட்டளவு பெரிதாக வந்தோம். நடுவில் சாம்பல் சட்டை, அதற்கு மேல் கம்பெனி பெயர். கை தட்டத் தயாராக இருந்தவர்களில் பாதிப் பேர் தட்டினார்கள், பாதிப் பேர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பந்தியிலிருந்து யாரோ கரண்டியால் அண்டாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு அண்டா. பிறகு எல்லா அண்டாவும்.

சுஜாதா மேடம் வேகமாக நடந்து வந்தார். ஓடினால் நன்றாக இருக்காது என்று நடந்தார். "ஒரு சின்ன ரீடேக். லைட் சரியில்ல. அங்கிள், அந்த ஸ்வெட்டர்."

"போதும் மேடம். எடுத்தாச்சுல்லா."

"இந்தப் படத்த பிரிண்ட் போட்டுத் தர முடியாது அங்கிள்."

"சரி மேடம். தர வேண்டாம்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "தமிழ், நீயாவது எடுத்துச் சொல்லு. இது உனக்கும் நல்லதில்ல, அவருக்கும் நல்லதில்ல."

எனக்கு அந்தப் படம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். "அவர் என்னைக் கேட்டு டிரஸ் போடறதில்ல மேடம்," என்றேன்.

"அப்ப உங்களுக்கு போட்டோ கிடையாது."

"வேண்டாம்," என்றேன்.

போட்டோகிராபரிடம் அழிக்கச் சொன்னார். அவன் ஒன்றும் புரியாமல் அழித்தான். திரையில் அடுத்த குடும்பம் வந்தது, நாய்க்குட்டிக்கும் குல்லா போட்டு. அண்டாச் சத்தம் நின்றது. நாங்கள் முன் வாசல் வழியாகவே வெளியே வந்தோம். மாதப்பன் அப்பாவின் சட்டையைப் பார்த்தார். "போயிட்டு வாண்ணா," என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் ஏறினோம். மத்திகிரி மாட்டுப்பண்ணை வேலி வந்தபோது அம்மா, "ஏட்டி தமிழ்ச்செல்வி, இதப் பாரு," என்று தன் போனை என்னிடம் நீட்டினாள். நான் மேடத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது அம்மா எங்கள் பக்கத்தில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரையின் முன்னால் போய் நின்று அதைப் படம் பிடித்திருக்கிறாள். படம் சாய்ந்திருந்தது. எவனோ ஒருவனின் பலூன் கௌதமின் பாதி முகத்தை மறைத்தது. அப்பாவின் சட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. காலையிலிருந்து அந்தச் சட்டையை மூடப் பாடுபட்டவள் இவள்தான்.

அப்பா எட்டிப் பார்த்தார். "யாருக்கும் அனுப்பிராத."

"ஒங்க தங்கச்சிக்கு அப்பவே அனுப்பிட்டேன்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். "என்ன சொன்னா?"

"அண்ணன் தொப்பி போட்டு ஜம்முன்னு இருக்காகன்னா. மதினி ஏன் மொறச்சுக்கிட்டு நிக்கீகன்னு கேட்டா."

விழாவில் நடந்ததைப் பற்றிக் கம்பெனியில் என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அங்கே அப்படித்தான். அந்த வாரத்திலேயே சூப்பர்வைசர் அப்பாவிடம், அடுத்த திங்கள் முதல் சூளகிரியில் புது எஸ்டேட்டில் வேலை, வேறு கம்பெனி, அதே காண்ட்ராக்டர் என்று சொன்னார். நான் நேராகச் சுஜாதா மேடத்திடம் போய் நின்றேன். "அது காண்ட்ராக்டர் எடுத்த முடிவு, தமிழ். அவர் ஆளை அவர் எங்க வேணா அனுப்பலாம். கம்பெனிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல," என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று மாலையே அந்தச் சாய்ந்த படத்தைப் பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டினேன். அது இப்போது ஆபீசில் என் மேஜைமேல் இருக்கிறது. நீலச் சட்டையின் மேஜையில் சாம்பல் சட்டையின் படம் இருக்கக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. இனிமேல் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பெருமாள் வீட்டுக்கு வந்தார். அம்மா டீயை அவர் முன்னால் சத்தம் வரும்படி வைத்தாள். "என்ன சார், இன்னும் கொஞ்சம் சீனி போடணுமா?" என்று கேட்டாள். பெருமாள் தலை குனிந்துகொண்டே சிரித்தார். "அன்னிக்கு வாய் நீண்டுருச்சு அக்கா. முதல் அண்டா நான்தான் தட்டுனேன், அதையும் கணக்குல வெச்சுக்க." அவரிடமிருந்து கேஸ் காகிதத்தை வாங்கிக்கொண்டு அப்பா பேனா கேட்டார். நான்தான் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். வேறு இடத்துக்கு அனுப்பிய பிறகு போட்ட கையெழுத்து எவ்வளவு தூரம் நிற்கும் என்று வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

சூளகிரிச் சட்டை பச்சை. திங்கள் காலை அதைப் போட்டுக்கொண்டு அப்பா கிளம்பினார். நானும் பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தேன். பனியில் முன்னால் போகிறவர்களின் முதுகு தெரியவில்லை. அப்பா பைக்குள்ளிருந்து சிவப்புக் குல்லாவை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்பா, அதுல நம்ம கம்பெனி பேர் இருக்கு. அங்க கேட்ல கழட்டச் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்," என்றார். "அது வரைக்கும் குளிருதுல்லா."